வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

வவுனியா
09.03.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் நோவும் சித்தப்பாவின் இருமலும் இந்நேரம் குறைந்திருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது என்று பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஓடி வந்ததால் மறுபடி எழுதுகிறேன்.

ஏழு மாதத்துக்கான தாள்கள் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு தரம், காலை ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும், கிணற்றுக் கட்டில் நான் சிவப்பு மை பூசிய இடத்திலிருந்து அளவு நாடாவை இறக்குங்கள். நுனியில் கட்டிய ஈயக்குண்டு தண்ணீரைத் தொட்டதும் இலக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். நேரத்தை நானே தாளில் அச்சடித்திருக்கிறேன். பக்கத்துக் காணி முத்தலிப் அண்ணை ஒன்பது மணிக்கு மிசின் போட்டுக் கச்சான் கடலைக்கு இறைக்கத் தொடங்க, உங்கள் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கீழே போகிறது என்பதுதான் என் ஆய்வு. மாதம் முடியத் தாளைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். போனில் படம் பிடித்து அனுப்பினால் என் மேற்பார்வையாளர் பிரேமிளா மடம் ஏற்கமாட்டா. கையால் எழுதிய தாள்தான் வேண்டுமாம்.

நானே அங்கு வந்து நின்று அளப்பதாகத்தான் இருந்தேன். அதற்குள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவருக்கென்று திறன் விருத்தி நிலையம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். அறுபது மணித்தியாலம் அங்கே பயிற்சி எடுக்காமல் ஆய்வேட்டைக் கையளிக்க முடியாது. பயிற்சி எல்லாம் கிழமை நாட்களில். ஆய்வு செய்யப் பழகப் போவதால் ஆய்வு செய்ய நேரமில்லை என்று பொறுப்பாளர் கதிர்காமநாதன் சேரிடம் சொன்னேன். "அதுக்குத்தானே பிள்ளை, நேர முகாமைத்துவம் எண்டு முதல் வகுப்பு வைச்சிருக்கிறம்" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குனிந்து அளக்கும்போது கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
தயாளினி


முள்ளியவளை
02.04.2024

அன்பு மகள் தயாளினிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். என் முழங்கால் இருந்தபடியே இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பங்குனி மாதத் தாள் இத்துடன் இருக்கிறது. ஒரு நாளும் விடவில்லை. சித்தப்பா எட்டு மணிக்கே சங்கக் கடைக்குப் போய்விடுவார், எல்லாம் என் தலையில்தான். போகும்போது ஒரு பகிடியும் விட்டுவிட்டுப் போவார். "என்ன கமலாசனி, கிணத்துக்கு இண்டைக்குக் காய்ச்சல் எவ்வளவு?" என்று முத்தலிப்புக்கும் கேட்கத்தக்கதாகச் சொல்கிறார். முத்தலிப்பின் பெண்சாதி றம்ஸியா நாடாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டா. எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு விரதமும் கோயிலும். ஆனாலும் உன் அளவை மறக்கிறதில்லை.

ஒரு விடயம் கேட்க வேண்டும். தாளின் கரையில் 'குறிப்பு' என்று ஒரு நிரல் போட்டிருக்கிறாய். அதில் என்ன எழுதுவது? சில நாட்களில் எழுதுவதற்கு ஏதும் இருக்கிறது. நீ அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வருசப் பிறப்புக்கு வருவாயா? வந்தால் பலகாரம் சுடலாம்.

அன்புடன்,
சின்னம்மா


வவுனியா
20.04.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

வருசத்துக்கு வராததற்குக் கோபிக்க வேண்டாம். நான் நலம், தலையிடியைத் தவிர. சித்தப்பாவின் பகிடியை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நேர முகாமைத்துவ வகுப்பு ஒன்பது மணிக்கு என்றார்கள். வகுப்பெடுக்கிற வளவாளர் பத்தரைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கவுமில்லை. நேரத்தை வீணாக்குகிறவர்கள் யார் யார் என்று ஒரு படம் போட்டுக் காட்டினார். அதற்கு அடுத்த கிழமை மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி. கரண்ட் இல்லாத மண்டபத்தில் முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு வியர்வை வழிய இருந்தோம். கண்ணைத் திறந்தால் வரவுக் கையொப்பம் கிடையாது. எனக்கு அன்றைக்குத்தான் மன அழுத்தம் என்றால் என்ன என்று விளங்கியது. அறுபதில் ஒன்பது மணித்தியாலம் முடிந்திருக்கிறது.

குறிப்பு நிரலை வெறுமையாக விடுங்கள். எல்லா அட்டவணையிலும் அப்படி ஒன்று இருக்கும். கணினிக்குள் எண்கள்தான் போகும், வசனம் போகாது. அந்த இரண்டு இலக்கமும் சரியாக இருந்தால் எனக்குப் போதும்.

நாளைக்கும் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்துவிட்டார்கள்.

அன்புடன்,
தயாளினி


முள்ளியவளை
01.06.2024

அன்பு மகளுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன், கடிதம்தான் வருவதில்லை.

சித்திரை, வைகாசி இரண்டு மாதத் தாளையும் சேர்த்து அனுப்புகிறேன். நடுவில் தபால் கந்தோருக்குப் போக முடியவில்லை. நீ சொன்னபடியே குறிப்பை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

வெயில் கொளுத்துகிறது. கிணற்றுத் தண்ணீர் எங்கேயோ போய்விட்டது. நாடாவை இறக்கி இறக்கி என் கை நீண்டுவிட்டது. ஒரு நாளைக்கு வந்து இரண்டு தரம் நீயும் இறக்கிப் பார்.

சின்னம்மா


வவுனியா
14.06.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும்,

இந்த முறை சுகத்தைப் பிறகு விசாரிக்கிறேன், முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தாள்களில் ஒரு விடயம் கண்டுபிடித்திருக்கிறேன். திறன் விருத்தி நிலையத்தின் புள்ளிவிபர வகுப்பில் இருந்தபடி, ஒவ்வொரு கிழமை நாளுக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பார்த்தேன். அந்த நிலையத்தால் கிடைத்த முதல் பிரயோசனம் இது. மற்ற ஆறு நாளும் பதினொரு மணிக்குத் தண்ணீர் நாற்பது சென்ரிமீற்றர் கீழே போயிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர்தான். ஒரு வெள்ளி தப்பாமல் அப்படி.

காரணம் வெளிச்சம்தானே. முத்தலிப் அண்ணை வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிறவர். அன்றைக்கு மிசின் போடமாட்டார். கிழமையில் ஒரு நாள் மிசினுக்கு ஓய்வு கொடுத்தால் பக்கத்துக் கிணறுகள் தப்பும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. பிரேமிளா மடம் தாள்களை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான் உம்முடைய ஆய்வு, மற்றதெல்லாம் பின்னிணைப்பு" என்றா. வருகிற கார்த்திகை மாத ஆய்வரங்குக்குச் சுருக்கம் அனுப்பினேன், அதை எடுத்தும் விட்டார்கள்.

இன்னொன்று. எங்கள் துறையில் ஒரு விரிவுரையாளர் இடம் வெறுமையாகிறது. மார்கழிக்குள் ஆய்வேட்டைக் கையளித்து, கையில் ஒரு கட்டுரையும் இருந்தால் நான் விண்ணப்பிக்கலாம். இப்படி ஒரு இடம் இனி எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. சின்னம்மா, அந்த வேலை எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் இவ்வளவு விரும்பியதில்லை.

எல்லாம் உங்கள் கையால்தான் வந்தது. இப்போது சொல்லுங்கள், எல்லோரும் சுகமா?

தயாளினி


முள்ளியவளை
09.07.2024

அன்பு மகளுக்கு,

சுகமே. உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் எழுத இருந்து இருந்து ஏதோ வேலை வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு மறுபடி இருமல். முத்தலிப் கச்சான் பிடுங்கிவிட்டு இப்போது மிளகாய்க்கு இறைக்கிறார். கச்சானில் உனக்கு ஒரு பை அவித்து அனுப்ப நினைத்தேன், பழுதாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

வேலை விடயம் கேள்விப்பட்டுச் சித்தப்பாவுக்குச் சந்தோசம். சங்கக் கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். சொல்லாதேங்கோ என்று நான் சொன்னேன், கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடயத்தைக் கட்டாயம் எழுதத்தான் வேண்டுமா? மற்ற ஆறு நாளும் இருக்கின்றனதானே. அதை வைத்து எழுதினால் போதாதா? எனக்கு உங்கள் ஆய்வு விளங்காது, சும்மா கேட்கிறேன்.

ஆனி மாதத் தாள் இருக்கிறது. முட்டை சாப்பிடு. போன முறை வந்தபோது கன்னம் ஒட்டிப்போய் இருந்தாய்.

சின்னம்மா


வவுனியா
22.07.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டு எழுதச் சொல்கிறீர்கள். வீட்டைக் கட்டிவிட்டுக் கூரையை விடச் சொல்வது போல இருக்கிறது. நீங்கள் சும்மா கேட்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன வியாழன் முன்வைப்புத் திறன் பயிற்சி. ஒவ்வொருவரும் ஏழு நிமிடம் தங்கள் ஆய்வைச் சொல்ல வேண்டும். நான் வெள்ளிக்கிழமைத் தண்ணீரைச் சொன்னேன். வளவாளர் கையைக் கட்டாமல் பேசச் சொன்னார், இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார், பத்துக்கு எட்டுப் புள்ளி தந்தார். பின்வரிசையில் இருந்து றிஃபாத் என்ற மாணவர் கை உயர்த்தினார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை.

"பள்ளியில ஜும்ஆ பன்னிரண்டரைக்குத்தானே. எங்கட வாப்பா வெள்ளிக்கிழமையும் பதினொன்றரை வரைக்கும் இறைச்சுப்போட்டுத்தான் குளிச்சிட்டுப் போவார். நீங்கள் சொல்லுற ஆள் ஏன் காலமையே மிசினை நிப்பாட்டுறார்? அவரைக் கேட்டனீங்களா?"

நான் கேட்கவில்லை. சொல்லித்தந்தபடி சிரித்தேன். வளவாளர் அதற்கும் ஒரு புள்ளி கூட்டினார்.

இப்போது கேட்கிறேன். முத்தலிப் அண்ணை வெள்ளிக்கிழமை மிசின் போடுகிறாரா, இல்லையா? ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். முட்டையைப் பற்றி எழுத வேண்டாம்.

தயாளினி


முள்ளியவளை
30.07.2024

மகளுக்கு,

ஓம். போடுகிறார். எல்லா வெள்ளியும் ஒன்பது மணிக்கே போடுகிறார்.

ஒரு சொல்லில் கேட்டாய், சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வதையும் கேள்.

வெள்ளிக்கிழமை பத்தரையில் இருந்து பன்னிரண்டு மட்டும் ராகுகாலம். நீ பதினொரு மணிக்கு அளக்கச் சொன்னாய். என் வீட்டுக் காரியமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவேன். இது உன் படிப்புக் காரியம். எங்கள் பரம்பரையில் ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் படித்ததில்லை. அதை ராகுகாலத்தில் கிணற்றுக்குள் இறக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போக முதல் எட்டரைக்கே இறக்கிவிடுவேன். நல்ல நேரம் பார்த்துத்தான் செய்தேன், பொய்க்கணக்கு ஒன்றும் எழுதவில்லை. அந்த நேரம் தண்ணீர் எங்கே நின்றதோ அதைத்தான் எழுதினேன். இரண்டரை மணித்தியாலத்தில் தண்ணீருக்கு என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

தாளில் 11.00 என்று நீயே அச்சடித்து வைத்திருந்தாய். வேறு நேரம் எழுத இடம் இல்லை. குறிப்பில் எழுதலாம் என்று உன்னைக் கேட்டேன். வெறுமையாக விடச் சொன்னாய். நீ என்னைப் பழக்கியது பத்து நிமிடம். அதிலும் பாதி நேரம் படலையைப் பார்த்துப் பார்த்துப் பஸ் வருகிறதா என்று நின்றாய். மிசின் போட்டால் தண்ணீர் இறங்கும், அதற்குத்தான் பதினொரு மணி என்று விளங்கும்படி சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். உனக்கு மட்டும் அறுபது மணித்தியாலம் பழக்குகிறார்கள்.

ஆனியில் உன் கடிதம் வந்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. நீ அவ்வளவு சந்தோசமாக எழுதியிருந்தாய். அதற்கு எப்படிப் பதில் எழுதுவது? எழுதாமல் விட்டது என் பிழை. அந்தப் பிழை முழுக்க என்னுடையது.

சித்தப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

சின்னம்மா


முள்ளியவளை
28.08.2024

அன்பு மகள் தயாளினிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் எடுத்தாலும் வகுப்பு என்று வைத்துவிடுகிறாய். கோபம் என்றால் கோபம் என்று எழுது. வாசித்துவிட்டு நானும் கோபிக்கிறேன்.

மற்ற நாட்களில் அளந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆவணி தொடங்கியதில் இருந்து வெள்ளிக்கிழமைகளை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். இனி நானாக எதையும் நினைத்துச் செய்யமாட்டேன்.

றம்ஸியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தா. பிறகு, "எங்களுக்கு ராகுகாலம் எண்டு ஒண்டும் இல்லைதானே அக்கா. வெள்ளிக்கிழமை நான் இறக்கிறன், நீங்க வீட்டுக்க இருங்கோ" என்றா. அவவுக்கு நாடா பார்க்க இரண்டு நாள் காட்டிக் கொடுத்தேன். ஏன் பதினொரு மணி என்பதையும் சொன்னேன். நீ சொன்னால் மட்டும் தொடங்குவோம்.

சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை.

சின்னம்மா


வவுனியா
08.09.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். கோபம்தான். முதல் இரண்டு கிழமை உங்கள் மேல், பிறகு என் மேல். ராகுகாலத்தின் மேலும் கொஞ்சம் இருந்தது.

உங்கள் கடிதத்தை அலுமாரிக்குள் உடுப்புக்கடியில் வைத்துவிட்டு மூன்று கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன். மடத்துக்குத் தெரியாது. ஆய்வரங்குக்காரருக்குத் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை கிடைத்திருக்கும். இடையில் ஆய்வு நெறிமுறைப் பயிற்சி வந்தது. "உங்கட தரவு பிழை எண்டு தெரிஞ்சா மறைப்பீங்களா?" என்று வளவாளர் கேட்டார். முப்பது பேரும் சேர்ந்து இல்லை என்றோம். நானும்தான் சொன்னேன். அதற்கு மூன்று மணித்தியாலம் தந்தார்கள், அறுபதும் நிறைந்துவிட்டது. கையொப்பம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. நேரே மடத்தின் அறைக்குப் போனேன்.

அவ உங்கள் கடிதத்தை முழுக்க வாசித்தா. "எத்தனை வெள்ளி?" என்று கேட்டா. இருபது என்றேன். "அப்ப இருபதும் போச்சு" என்றா. திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருக்கும். கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். வெள்ளிக்கிழமையைத் திரும்ப அளந்து முழுவதையும் மாற்றி எழுத ஆறு மாதம் நீடிப்புக் கேட்டிருக்கிறேன். மார்கழிக்குள் முடியாது. அந்த வேலை போய்விட்டது, சின்னம்மா. சித்தப்பாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குத் துணிவில்லை.

பயிற்சி முடிவில் ஒரு கருத்துப் படிவம் தந்தார்கள். கீழே நாலு வரி இடம். எல்லோரும் நன்று என்று எழுதுவார்கள். நான் எழுதினேன்: எங்களுக்காகக் களத்தில் அளக்கிறவர்களை எப்படிப் பழக்குவது, அவர்கள் சொல்வதை எப்படிக் கேட்பது என்று இந்த அறுபது மணித்தியாலத்தில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. கதிர்காமநாதன் சேர் கூப்பிட்டார். நல்ல கருத்தாம். அதையே அடுத்த வருசம் நான் ஒரு பயிற்சியாக நடத்த வேண்டுமாம். நீடிப்பு எடுத்தவர்கள் மேலதிகமாகப் பத்து மணித்தியாலம் எடுக்க வேண்டும் என்று ஒரு புதுச் சட்டமும் இருக்கிறதாம். நடத்துகிற மணித்தியாலம் அந்தப் பத்தில் சேருமா என்று கேட்டேன். நடத்துகிறவருக்கு வரவு பதிகிற வழக்கம் இல்லையாம்.

புதுத் தாள்கள் அனுப்புகிறேன். நேரம் அச்சடிக்கவில்லை. அளக்கிற நேரத்தை நீங்களே எழுதுங்கள். குறிப்பு நிரலைத் தாளின் பாதிக்குப் போட்டிருக்கிறேன். மனத்தில் படுவதை எல்லாம் எழுதுங்கள். றம்ஸியா அக்காவை வெள்ளிக்கிழமை தொடங்கச் சொல்லுங்கள், என் நன்றியையும் சொல்லுங்கள்.

உங்களைப் பத்து நிமிடத்தில் பழக்கிவிட்டு ஓடி வந்தேன். அதை என்னால் மறக்க முடியவில்லை.

முட்டை சாப்பிடுகிறேன்.

தயாளினி


முள்ளியவளை
05.10.2024

அன்பு மகள் தயாளினிக்கு,

நாங்கள் சுகம். சித்தப்பாவுக்குச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சங்கக் கடைக்குப் போகும்போது, "இண்டைக்குக் காய்ச்சல் எவ்வளவு?" என்று கேட்டார். அதோடு சரி.

வேலை போனதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

நவராத்திரி தொடங்கிவிட்டது. பத்தாம் நாள் வருவாய் என்று எதிர்பார்க்கிறோம். நாலு வெள்ளிக்கிழமைக்கான தாளை முதலில் அனுப்புகிறேன், மற்றது பின்னால் வரும். குறிப்பு எழுதச் சொன்னாய், எழுதியிருக்கிறேன். கூடிவிட்டால் வெட்டிவிடு.

சின்னம்மா

13.09 வெள்ளி. நேரம் 11.03. இறக்கம் 41. குறிப்பு: அளந்தது றம்ஸியா. மிசின் ஓடுகிறது. நான் வீட்டுக்குள் இருந்தேன்.

20.09 வெள்ளி. நேரம் 11.00. இறக்கம் 39. குறிப்பு: அளந்தது றம்ஸியா. நாடா வாளிக் கயிற்றில் சிக்கியதால் திரும்ப இறக்கியது.

27.09 வெள்ளி. நேரம் 10.58. இறக்கம் 42. குறிப்பு: அளந்தது றம்ஸியா. முத்தலிப் 11.30க்கு மிசினை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குப் போனார். மற்ற நாளைப் போலத்தான் வெள்ளிக்கிழமையும் தண்ணீர் இறங்குகிறது.

04.10 வெள்ளி. நேரம் 11.00. இறக்கம் 40. குறிப்பு: றம்ஸியா தன் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய்விட்டா. வேறு ஒருவரும் இல்லை. ராகுகாலம். நானே இறக்கினேன். மூன்று தரம் அளந்தேன். மூன்றும் ஒன்றுதான்.